கழுதைவால் தொட்டி மாற்றம்: மூன்றாவது தடவை, பத்தொன்பது இலை

பத்தொன்பது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டாலே இலை உதிர்கிற என் கழுதைவால் செடியில் ஏழு தொங்கும் சரம், நீளமானது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொட்டி மாற்றி முடித்து, துணியில் கிடந்த இலைகளை எண்ணினால் மொத்தமே பத்தொன்பது. போன வருஷம் இதே வேலையில் முந்நூறுக்கு மேல் எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதற்கு முந்தியது கூரியரில் வந்த செடி. பெட்டியைத் திறந்தால் ஆறு மொட்டைக் காம்பும் அடியில் ஒரு டம்ளர் இலையும். விற்றவரைக் கேட்டதற்கு, "இலையை மண்ணு மேல போட்டாலே வளருமுங்க சார்" என்றார். அது உண்மைதான் என்பதில்தான் கூடுதல் எரிச்சல்.

சீடம் மார்கானியானம், அதாவது இந்தக் கழுதைவால், வளர்க்கிற எல்லோருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். அதன் சொந்த ஊர் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கம், பாறைச் சரிவுகளில் தொங்கி வளரும். உதிர்ந்த இலை ஏதாவது இடுக்கில் விழுந்தால் அங்கேயே வேர் பிடித்துவிடும். இதன் குடும்பத்துக்காரியான ரணகள்ளி இலை ஓரத்தில் குட்டி போடுகிறது என்றால், இது இலையையே கழற்றி வீசுகிறது. செடிக்கு அது பிழைப்பு, நமக்குத்தான் நஷ்டம். 1938இல் இதற்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் எரிக் வால்தருக்கே இது மெக்சிகோவில் ஒரு சின்ன நர்சரியில்தான் கிடைத்ததாம். அங்கிருந்து கலிபோர்னியாவுக்கு எத்தனை இலையோடு கொண்டு போய்ச் சேர்த்தாரோ!

சரி, இந்தத் தடவை என்ன மாற்றினேன்? பெரிய வித்தியாசம் தண்ணீர். தொட்டி மாற்றுவதற்கு முன் பதினெட்டு நாள் ஒரு சொட்டு விடவில்லை. நீர் குடித்துப் புடைத்திருக்கும் இலை, பக்கத்து இலை இடித்தாலே டப்பென்று கழன்றுவிடும். கொஞ்சம் வாடி, மேல்தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்தால் வளைந்து கொடுக்கிறது. அந்தச் சுருக்கத்தையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்கக் கூடாது. திராட்சையில் இருப்பது போன்ற வெண்படலம் இதிலும் உண்டு. விரல் பட்ட இடம் பட்டதுதான், அந்த இலையில் அது திரும்ப வராது.

அப்புறம் துணி. அப்பாவின் பழைய வேட்டியை நாலாகக் கிழித்து, செடியை மேசை ஓரத்தில் வைத்து, இரண்டு மூன்று சரமாகச் சேர்த்துத் தளர்வாகச் சுருட்டினேன். முடிச்சுப் போடவில்லை. முடிச்சை இழுக்கும்போது வரும் உலுக்கலே நாலு இலையைக் கொண்டுபோகும் என்பதால் துணி உலர்த்தும் கிளிப்தான். அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா கண்ணு, பச்சப்புள்ளய சுத்தற மாதிரி சுத்தற?" என்றார்.

கடைசியாக, செடியைத் தொட்டியிலிருந்து உருவவே இல்லை. தகரம் வெட்டும் கத்தரியால் பிளாஸ்டிக் தொட்டியை மேலிருந்து கீழாக இரண்டு பக்கமும் வெட்டி, செடியிலிருந்து தொட்டியைக் கழற்றினேன். இவ்வளவு நாள் தலைகீழாக யோசித்திருக்கிறேன். நாற்பது ரூபாய்த் தொட்டி போனால் போகட்டும்.

மண் கலவையில் பெர்லைட்டை, அதாவது பொரி மாதிரி இருக்கும் அந்த லேசான வெள்ளைக் கல்லை, கைவிட்டாயிற்று. நாலு தடவை தண்ணீர் விட்டால் எல்லாம் மேலே வந்து மிதக்கிறது. பக்கத்துத் தெருவில் வீடு இடித்த இடத்தில் ஒரு சாக்கு உடைந்த செங்கல் கேட்டு வாங்கி, சுத்தியலால் தட்டி, தூளைச் சலித்துக் கழித்து, கடலைப் பருப்பு அளவில் இருந்ததை மட்டும் எடுத்தேன். அது பாதி, மீதியில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சமமாக. ஐப்பசி அடைமழையில் போன வருஷம் ஒரு சரம் அடியிலிருந்து கூழாகிப் போனது. அதனால் இனி ஈரம் தங்கவே கூடாது. ஒரே குறை, கனம். பழைய கொக்கி தாங்காது, ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும்.

இடையில் இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. இதிலேயே 'பர்ரிட்டோ' என்று குட்டை உருண்டை இலை ரகம் உண்டு, அவ்வளவு சீக்கிரம் உதிராது. இங்கே கோவையில் கேட்ட மூன்று நர்சரியிலும் சாதாரண ரகத்தையே அந்தப் பெயரில் நீட்டினார்கள். ஆகஸ்டில் பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனால் அங்குள்ள கடைகளில் தேட வேண்டும்.

உதிர்ந்த பத்தொன்பதையும் நிழலில் நாலு நாள் காய வைத்து, ஒரு தட்டில் மண்மேல் பரப்பியிருக்கிறேன். நேற்று காலை பார்த்தபோது ஆறில் வெட்டுவாய்ப் பக்கம் நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர். இரண்டு அழுகிவிட்டது. ஒன்றைக் காணவில்லை, அணில் மேல் சந்தேகம்.

போல்ட் அடிக்க ஆள் இன்னும் வரவில்லை. அதுவரை செடி கவிழ்த்த வாளியின் மேல், வேட்டித் துணியோடேயே இருக்கிறது. பிரிக்கத் தைரியம் வரவில்லை.