உறிஞ்சுகுழிக்கான மண் சோதனை யார் பொறுப்பு?

பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களில் வீடு கட்டுகிறவர்களிடம் மண் பரிசோதனை பற்றிக் கேட்டால், பெரும்பாலும் "அதெல்லாம் எடுத்தாயிற்று" என்றே பதில் வரும். அவர்கள் எடுத்தது அஸ்திவாரத்துக்கான சோதனை. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது சொல்லுமே தவிர, செப்டிக் டேங்கிலிருந்து வழிந்து உறிஞ்சுகுழிக்குள் இறங்கும் நீரை அதே மண் எத்தனை வேகத்தில் உள்வாங்கும் என்பதைச் சொல்லாது.

என் தங்கை சென்னைக்குத் தெற்கே ஒரு களிமண் மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது, இந்த இரண்டாவது சோதனையை யார் செய்வது என்று விசாரித்தோம். காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்றார் வரைபடம் போட்ட பொறியாளர். வரைபடத்தில் உள்ள அளவுக்குக் குழி தோண்டி உறை இறக்குவது மட்டுமே தம் சதுர அடி ரேட்டில் அடங்கும் என்றார் காண்ட்ராக்டர். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இருவரையும் குறை சொல்ல முடியவில்லை.

குழியின் வகையையும் அளவையும் தீர்மானிக்கிறவரே சோதனைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆளும் தண்ணீரும் காண்ட்ராக்டர் தரலாம், செலவு வீட்டுக்காரருடையது. ஆனால் அளவெடுக்கும் நேரத்தில் பொறியாளர் அங்கே நின்று, முடிவை எழுதிக் கையொப்பமிட வேண்டும். சோதனை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணய ஆவணமான ஐ.எஸ். 2470-இன் இரண்டாம் பாகம் சொல்கிறபடி, 100 முதல் 300 மில்லிமீட்டர் அகலத்தில், கழிவுநீர் இறங்கவிருக்கும் ஆழம்வரை ஒரு துளை தோண்டி, பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் 50 மில்லிமீட்டர் சரளை பரப்பி, குறைந்தது நான்கு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுவதும், அதில் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள்தான் அளவு. நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே கணக்கு.

அந்த ஓர் இரவு ஊறலைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் களிமண் ஊற்றிய நீரை மளமளவென்று குடித்துவிடும். ஐப்பசியில் ஊறி உப்பியபின் அதே மண் ஒரு சொட்டையும் வாங்காது. 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 30க்கும் 60க்கும் இடையில் என்றால் நீரைப் பரவலாக விடும் அகழி வேண்டும். அதற்கும் மேல் போனால் இரண்டுமே உதவாது, வடிகட்டி போன்ற வேறு ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். அகழிக்கு இடம் தேவைப்படுவதால், அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போடுவதற்கு முன்பே முடிவு கையில் இருந்தாக வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் இதைத் தனி வரியாகவே சேர்த்தோம்.

உறிஞ்சுகுழியோ அகழியோ குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆவணத்தில் உண்டு. முப்பதுக்கு நாற்பது அடி மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை அளந்தாலும் அத்தனை தூரம் கிடைக்காது. ஆகவே பக்கத்து வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பொறியாளரே விசாரித்து வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். இந்த வேலையைக் காண்ட்ராக்டர் தலையில் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.