திரையில் வந்த நோயாளி

பெங்களூரில் ஃபார்ம்.டி. என்னும் மருந்தியல் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நான், இந்த வாரம் கணினித் திரையில் ஒரு மெய்நிகர் நோயாளியை அவர்கள் முன் நிறுத்தினேன். சீரற்ற இதயத் துடிப்புக்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்ளும் 64 வயதுப் பெண்மணி அவர். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்; அவருக்கோ அது 5.6 ஆகியிருந்தது, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தது. மாணவர்கள் மாத்திரையின் அளவைக் கேட்டார்கள், கீரை அதிகம் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த எண்ணைக் குறைக்குமே தவிர ஏற்றாது என்பது அப்போது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஈறு வீக்கத்திற்காகப் பல் மருத்துவர் கொடுத்த மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்ததே காரணம் என்பதை, "வேறு மருத்துவரிடம் சென்றீர்களா?" என்று தாமதமாகக் கேட்ட ஒரு மாணவிதான் கண்டறிந்தாள். தவறியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மருத்துவமனைப் படுக்கையருகே அந்த வாய்ப்பு கிடையாது.

எனக்கொரு குறை உண்டு. திரை நோயாளி கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாகப் பதிலளிக்கிறார். அல்சூர் மருந்துக்கடையில் நிற்கும் நம் பாட்டிமாரோ, "அந்த ரோஸ் கலர் மாத்திரைதான் சாமி" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அடுத்த நோயாளியைத் தமிழிலும் கன்னடத்திலும் நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.