முடிவு வரும்வரை

ஜூன் 3
அக்காவின் பரிசோதனை முடிவைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.

ஜூன் 4
விடியற்காலையில் தியானத்தில் உட்கார்ந்தேன். பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறைப்படி வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்தபடி இருந்தபோது பயம் வந்தது. 'பயம், பயம்' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு பார்த்தேன். தொண்டையில் இறுக்கம், மார்பெலும்புக்குப் பின்னால் சூடு, விரல்நுனியில் குளிர். 'அக்காவுக்கு என்ன ஆகும்' என்கிற கதை அதற்கு அப்புறம்தான் வருகிறது. சூடு வேறு, கதை வேறு. சூட்டோடு இருந்துவிட முடிகிறது. கதையோடுதான் முடியவில்லை.

ஜூன் 5
தூக்கமில்லை. உட்காரவும் இல்லை.

ஜூன் 7
புத்தரின் சல்லத்த சூத்திரத்தைத் திரும்ப வாசித்தேன். ஓர் அம்பு தைத்தவனை இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதலாவது உடலின் வலி, இரண்டாவது அந்த வலியை எதிர்த்து மனம் படும் துயரம். எங்களுக்கு முதல் அம்பு வருமா என்றே தெரியாது. அப்படியானால் நான் படுவதெல்லாம் இரண்டாவது அம்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்பில் எரியும் சூடு இந்த நிமிடத்தில் நிஜமாகவே இருக்கிறது. இன்பமோ, துன்பமோ, இரண்டும் அல்லாததோ, எழுந்த உணர்வை அறி என்கிறது புத்தரின் தியான உபதேசமான சதிபட்டான சூத்திரம். அந்த உணர்வுக்கு நியாயம் உண்டா என்று அது விசாரிப்பதில்லை. 'பயப்படாதே' என்று ஆறுதல் சொல்வதைவிட இதில் எவ்வளவோ கனிவு இருக்கிறது.

ஜூன் 8
பயத்தை வரவேற்பதிலும் ஒரு பேரம். 'வா' என்று சொல்லும்போதே 'சீக்கிரம் போய்விடு' என்று அடியில் ஒரு குரல். மனதைக் குலைக்க வரும் மாரனை, 'மாரன் இவன்' என்று புத்தர் அறிந்துகொண்டதும் அவன் வருந்தி மறைகிறான். மனம் அந்த மறைதலைத்தான் கேட்கிறது, அறிதலை அல்ல. ஆனால் புத்தருக்கு ஞானம் கிடைத்த பிறகும் மாரன் வந்துகொண்டேதான் இருந்தான். இன்று அதை நினைக்கையில் தெம்பாக இருந்தது.

ஜூன் 9
தொலைபேசி ஒலித்தது. வேறு யாரோ.

ஜூன் 11
கண்ணைத் திறந்து வைத்தே உட்கார்ந்தேன், திபெத்திய பௌத்தத்தின் ஜோக்சென் மரபில் செய்வதுபோல. மூச்சையோ சத்தத்தையோ பிடித்துக்கொள்ளவில்லை, எதையும் விரட்டவுமில்லை. பயம் இருந்தது. அதோடு பாதத்தின் கனமும், சுவரில் வெளிச்சமும், பக்கத்து அறையில் அக்காவின் இருமலும் இருந்தன. பயம் சிறிதாகவில்லை, அதைச் சுற்றி இடம் கூடியது.

மண்ணைப்போல் தியானம் செய் என்று தன் மகன் ராகுலனுக்குச் சொல்கிறார் புத்தர். மலத்தை, எச்சிலை, சீழை, ரத்தத்தை, எதைப் போட்டாலும் மண் அருவருப்பதில்லை. மண் அவற்றை விரும்புவதாகவும் அவர் சொல்லவில்லை. சரி, பயத்தை நானும் விரும்ப வேண்டியதில்லை.

ஜூன் 12
நாளை காலை நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை? நல்ல செய்தியென்றால் சொல்லியிருப்பார்களே. இதையே மத்தியானம் முழுக்க யோசித்தேன். சூடு, சூடு, சூடு.

ராத்திரி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"கண்ணை மூடணுமா?"
"வேண்டாம்க்கா. பயம் எங்கே இருக்குன்னு மட்டும் பாரு."
ரொம்ப நேரம் கழித்து, "வயித்துல" என்றாள்.

ஜூன் 13
கிளம்புகிறோம்.