அலெக் கின்னஸும் எங்கள் ஆங்கில நாடகச் சங்கமும்

எங்கள் காலத்தில் கல்லூரி ஆங்கில நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது சேர் யாரையும் வசனம் பேசச் சொல்லமாட்டார். “மண்டபத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நட, பார்ப்பம்” என்பார். ஒருவன் கிழவனாக நடக்கவேண்டும். இன்னொருவன் கடன் கொடுத்தவனைக் கண்டு ஒளிப்பவனாக நடக்கவேண்டும். நடை சரிவராதவனுக்கு எவ்வளவு நல்ல ஆங்கிலம் வந்தாலும் திரை இழுக்கும் வேலைதான். மற்றக் கல்லூரிகளில் ஒலிவியர், கில்குட் என்று பெரிய ஆங்கில நடிகர்களைக் கதைத்துக்கொண்டிருக்க, எங்களுக்கு வாய்த்தவர் இன்னோர் ஆங்கில நடிகரான அலெக் கின்னஸின் பித்தர்.

காரணம் கின்னஸ் நடித்து 1957இல் வந்த ‘குவாய் நதிப் பாலம்’ படம். கதை நடப்பது சியாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். ஆனால் பாலம் கட்டியது எங்கள் இலங்கையின் கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே. ஆஸ்பத்திரிக் காட்சிகள் கல்கிசை ஹோட்டலில். அந்த வருடம் மார்ச் 10ஆம் திகதி, பிரதமர் பண்டாரநாயக்கா முன்னிலையில் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முந்திய முயற்சி பிசகி, ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் அக்கரையில் ஜெனரேட்டரோடு மோதிய கதையைச் சேர் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். ஒவ்வொரு வருடமும் ரயிலின் வேகம் கூடும்.

அந்தப் படத்தில் கின்னஸ் நடித்த பிரித்தானியக் கைதி கேணல் நிக்கல்சனை ஜப்பானியர் வெயிலில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் நாள்கணக்காக அடைத்துவைத்து, பிறகு வெளியே விடுவார்கள். கால் பின்னும், உடம்பு சரியும், ஆனால் பட்டாளத்து விறைப்பு மட்டும் போகாது. அந்த நடைக்காகவே படத்தைப் பார்க்கலாம். அது எங்கிருந்து வந்தது என்பது சேருக்குத் தெரிந்திருக்காது. நானும் லண்டன் வந்த பிறகுதான் வாசித்தேன். கின்னஸின் ஒரே மகன் மத்தியூ பதினொரு வயதில் போலியோவால் படுத்து, பிறகு எழும்பி நடக்கப் பழகியிருக்கிறான். அந்தப் பிள்ளையின் நடையைத்தான் தகப்பன் கேணலுக்குக் கொடுத்தார். மகனின் நோய்க்காலத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய் மன்றாடத் தொடங்கியவர், 1956இல் கத்தோலிக்கராகவே மாறிவிட்டார். படப்பிடிப்பில் இயக்குநர் டேவிட் லீனோடு அவருக்கு ஓயாத சண்டை. கேணலுக்குக் கொஞ்சம் நகைச்சுவை வேண்டும் என்றார் கின்னஸ், லீன் விடவில்லை. கடைசியில் படத்துக்கு ஏழு ஒஸ்கார்கள் கிடைத்தன, அதில் ஒன்று கின்னஸுக்கு.

ஊரில் எல்லாரும் அந்தப் படத்தைக் கொண்டாடவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்த மலாயாப் பென்சனியர் ஒருவர் படத்தின் பெயரைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுவார். யுத்தகாலத்தில் ஜப்பானியர் சியாமிலிருந்து பர்மாவுக்குப் போடுவித்த அந்த 415 கிலோமீற்றர் ரயில்பாதையில் நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர்; அவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர். அந்தத் தோட்டத் தொழிலாளி ஒருவனும் படத்தில் இல்லை. கின்னஸ் இதற்கு என்ன செய்வார், சரிதான். ஆனாலும் பென்சனியரின் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கின்னஸின் சொந்தக் கதை ஒரு நாவல் போன்றது. 1914 ஏப்ரல் 2இல் லண்டன் மைடா வேலில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை. விளம்பரக் கம்பனியில் வாசகம் எழுதிக்கொண்டே நடிப்புப் பழகினார். பாடம் சொல்லித்தந்த மார்ட்டிட்டா ஹன்டுக்கு முதலில் இவரில் நம்பிக்கையே இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாத நாளில் கில்குட் 20 பவுண் நீட்ட, ரோசத்தில் வாங்காமல் வந்துவிட்டார். 1934இல் அதே கில்குட்தான் தன் ‘ஹாம்லெட்’டில் ஒஸ்ரிக் வேடம் கொடுத்தார். நான்கே வருடத்தில், ஓல்ட் விக் அரங்கில் தற்கால உடையில் இவரே ஹாம்லெட். யுத்தத்தில் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலித் தரையிறக்கத்தில் ஒரு படகுக்குத் தலைவராக இருந்தார்.

யுத்தம் முடிந்து, டிக்கன்ஸின் நாவல்களை வைத்து லீன் எடுத்த படங்கள் வந்தன. ‘ஒலிவர் ட்விஸ்ட்’டில் ஃபேகின் என்ற யூதத் திருடனாகக் கின்னஸ் வைத்துக்கொண்ட பெரிய மூக்கு யூதரைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பால், அமெரிக்காவில் அந்தப் படம் 1951வரை வெளிவரவில்லை. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். 1984இல் ‘எ பாஸேஜ் டு இந்தியா’வில் முகத்துக்கு மைபூசி இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக வந்ததும் அப்படித்தான், சேர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

சேருக்கு உயிர், 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரனெட்ஸ்’. ஒரே பிரபுக் குடும்பத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் கின்னஸ். அதில் ஒருவர் பெண். ‘நவராத்திரி’யில் ஒன்பது வேடத்திலும் சிவாஜி தெரிவார், தெரியத்தான் வேண்டும், அதற்குத்தானே காசு கொடுத்துப் போனோம். கின்னஸ் ஒன்றிலும் தெரியமாட்டார். இரண்டும் இரண்டு வித்தை. எங்களில் பெரும்பாலானோர் சிவாஜி பக்கம் என்பதைச் சேரிடம் யாரும் சொல்லத் துணியவில்லை.

1989இல் கொமடி தியேட்டரில் அவரை நேரில் பார்த்தேன். நாடகம் ‘எ வோக் இன் த வூட்ஸ்’. ஜெனீவாக் காட்டில் சோவியத் தூதுவரும் அமெரிக்கரும் ஆயுதக் குறைப்புப் பேசுகிறார்கள். கின்னஸ் சோவியத்காரர். மேல்மாடியில் மலிந்த இருக்கை எனக்கு. அவர் மேடைக்கு வந்தது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது, அவ்வளவு சத்தமில்லாமல் வந்தார். பெரும்பாலும் வாங்கில் இருந்தபடியே கதைத்தார்; அரங்கு முழுதும் கேட்டது. அதுதான் அவருடைய கடைசி மேடை நாடகம் என்று அப்போது தெரியாது. ஊருக்குக் கடிதம் எழுதினேன். அந்த நாட்களில் தபால் ஒழுங்காகப் போய்ச் சேராது, பதில் வரவில்லை.

இன்று பெயரைச் சொன்னால் என் பேரன் “ஓபி-வான்!” என்கிறான். 1977இல் வந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் கின்னஸ் ஏற்ற வேடம் அது. அந்தப் பட வருமானத்தில் ஒரு பங்கு பேசி வாங்கியிருந்ததால் அவருக்குப் பிறகு காசுக் கவலை இல்லை. ஆனால் படத்தை நூறு தரம் பார்த்தேன் என்று வந்த ஒரு பையனிடம், இனிப் பார்க்காதே என்று கேட்டுக்கொண்டாராம்.

நான் சிபாரிசு செய்வது 1979இல் பிபிசி எடுத்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’. ஏழு பாகங்கள். உளவாளி ஸ்மைலியாக நடிப்பதற்கு முன், பிரித்தானிய உளவுத்துறைத் தலைவராக இருந்த மொரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதியச் சாப்பாட்டுக்குப் போய், அவருடைய சப்பாத்து, குடை, வைன் கிளாஸின் உட்பக்கத்தில் விரலை ஓட்டிய விதம் எல்லாவற்றையும் பார்த்துவைத்துக்கொண்டார். தொடரில் ஸ்மைலி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான், கண்ணை எடுக்கமுடியாது. டிவிடி என்னிடம் இருக்கிறது. சங்கத்தில் வேண்டியவர்கள் கேட்கலாம். போனமுறை கொண்டுபோனவர் இரண்டாவது தட்டை இன்னும் திருப்பித் தரவில்லை. இதை வாசித்தால் அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவரவும்.