சின்ன உலாவிகளில் நம் கொம்பெழுத்து

அக்டோபர் 11, 2025, சனி. ரோஸ்ஹில், மொரீசியஸ்

வருகிற 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்துகிறது. கோவில் மாலை வகுப்பில் இருக்கும் மடிக்கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கும் நிலையில் இல்லை. செயலி பழையது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கிடையாது, நினைவகமும் 2 ஜிபிதான். கழித்துவிடலாம் என்று கோவில் கமிட்டியில் பேச்சு எழுந்தது. நான் சம்மதிக்கவில்லை. திரை பளிச்சென்று இருக்கிறது, விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. பிள்ளைகள் தமிழ் படிக்க இவை தாராளமாகப் போதும்.

விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். இயங்குதளம் இலேசாக ஓடுகிறது, உலாவியைத் திறந்தவுடன்தான் மூச்சுத் திணறல் தொடங்குகிறது. தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றின் முகப்பு வந்து நிற்பதற்குள் சுட்டி அசைய மறுக்கிறது. ஆகவே, அதிகம் பேசப்படாத உலாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப்போகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெயர்கள் பல, உள்ளே இருப்பது ஒன்று. பிரேவ், விவால்டி, ஓபரா, எட்ஜ் எல்லாவற்றுக்குள்ளும் குரோமின் பிளிங்க் எஞ்சின்தான் (வலைப்பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள்நிரல்) ஓடுகிறது. இதன் வம்சாவளி சுவையானது. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கேஎச்டிஎம்எல் எஞ்சினை எடுத்து ஆப்பிள் 2001இல் வெப்கிட்டைத் தொடங்கியது. அதிலிருந்து 2013இல் கூகுள் பிளிங்கைப் பிரித்தது. அதே ஆண்டு ஓபரா தன் சொந்த எஞ்சினான பிரெஸ்டோவைக் கைவிட்டது. 2020 ஜனவரியில் எட்ஜும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

விவால்டி எனக்குப் பிடித்திருக்கிறது. ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவர் உருவாக்கியது. தாவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும் வசதி அருமை. ஆனால் வகுப்புக் கணினிக்கு அது பாரம். குப்ஸில்லா என்று முன்பு அறியப்பட்ட ஃபால்கனையும் பார்த்தேன். தோற்றம் எளிமை, எஞ்சின் அதே பிளிங்க். உலகம் படிப்பதெல்லாம் ஒரே நிறுவனத்தின் எஞ்சின் வழியே வருவது நல்லதல்ல என்று உறுதியாக நம்புகிறேன். இனி சொந்த எஞ்சின் உள்ளவற்றை மட்டும் பார்ப்பேன்.

அக்டோபர் 13, திங்கள்

உலாவிகளில் தமிழ் சரியாகத் தெரிகிறதா என்ற சோதனைக்கென்று ஒரு சிறு பக்கம் எழுதினேன். பெண், தேர், கை, கௌரி, ஸ்ரீ. அப்புறம் மொரீசியஸ்: நம் நாட்டின் பெயரே முதலெழுத்தில் கொம்பும் காலுமாக நிற்கிறது. தமிழ் எண்களையும் சேர்த்தேன். நம் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்கள் இன்றும் அச்சாகின்றன. நூறு ரூபாயில் நம் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகமே இருக்கிறது. 1998இல் தாளில் தமிழின் இடம் மாறியதற்கு எத்தனை எதிர்ப்பு, அந்தத் தாள்களையே திரும்பப் பெற வேண்டிவந்தது! காகிதத்தில் அவ்வளவு போராடிய நாம் திரையில் ௱ (தமிழ் எண் நூறு) வெறுங்கட்டமாகத் தெரிந்தால் பேசாமல் இருக்கிறோம்.

அக்டோபர் 15, புதன்

இன்று டில்லோ என்ற சிறு உலாவி. 1999இல் பிறந்தது. இடையில் பல ஆண்டுகள் புதுப் பதிப்பே வராமல் கிடந்து, 2024 மே மாதம் 3.1 பதிப்போடு மீண்டும் எழுந்தது. பக்கங்களை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அறவே இல்லை. சொடுக்கிய கணமே திறக்கிறது. அந்தப் பழைய கணினிக்கு இளமை திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். மகிழ்ச்சியோடு என் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன்.

கொம்புகள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ‘பெண்’ணில் ப முன்னே, ஒற்றைக்கொம்பு பின்னே. ‘தேர்’, ‘கை’ இரண்டிலும் இதே தவறு. ஸ்ரீ இரண்டாகப் பிரிந்துவிட்டது.

காரணம் இதுதான். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் உலகத் தரமான யூனிகோடில் ‘பெ’ முதலில் ப, அடுத்து கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கரும்பலகையில் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பதோ கொம்பை முதலில் போடச் சொல்லி. தாய்லாந்து எழுத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே முன்னால் வரும் குறி முன்னாலேயே சேமிக்கப்படுகிறது. தமிழில் கொம்பை எடுத்து முன்னே வைப்பது திரையில் எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. ஹார்ஃப்பஸ், பாங்கோ போன்ற நிரல் நூலகங்கள் அதைத்தான் செய்கின்றன. டில்லோ தன் சாளரத்தையும் எழுத்தையும் வரைய நம்பியிருக்கும் எஃப்எல்டிகே 1.3 என்ற நூலகம் அதைச் செய்வதில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

மனம் வலித்தது. இவ்வளவு சிக்கனமான, நேர்மையான உலாவி நம் எழுத்தைச் சிதைத்துக் காட்டுகிறதே.

அக்டோபர் 17, வெள்ளி

நெட்சர்ஃப்! 2002இல் ரிஸ்க் ஓஎஸ் இயங்குதளத்துக்காகத் தொடங்கியது, எஞ்சின் முழுவதும் சொந்தம். லினக்ஸ் பதிப்பு எழுத்துகளை வரைய பாங்கோவைக் கூப்பிடுகிறது. கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில். ஸ்ரீ ஒன்றாக நிற்கிறது. ௱ தெரிகிறது. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தேன். அலங்காரம் குறைவு, ஆனால் வரிக்கு வரி படிக்க முடிகிறது. கணினி சூடாகவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம்தான் தெரியும் என்பதால் கடவுச்சொல் கேட்கும் தளங்களில் தடுமாறுகிறது. பாடம் படிக்க அது தேவையில்லை.

அக்டோபர் 18, சனி

வகுப்பில் நெட்சர்ஃப், டில்லோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “மிஸ், இதில் கொம்பு ஏன் பின்னால் போய்விட்டது?” என்று ஒரு சிறுமி டில்லோவைக் காட்டிக் கேட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிச் சில மாதமே ஆன பிள்ளை! உலாவி செய்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

அக்டோபர் 19, ஞாயிறு

பேல் மூன். பயர்பாக்ஸிலிருந்து பிரிந்தது, கோனா என்ற எஞ்சின், பழைய பயர்பாக்ஸின் முகம். தமிழ் குறையில்லாமல் வருகிறது. ஆனால் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிக்கும் பக்கம் ஒன்றில் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே விடவேயில்லை. அது பேல் மூனின் குறை அல்ல. அறிமுகமில்லாத உலாவியென்றால் கதவை அடைக்கும் தளங்களின் குறை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் கோவில், பிறகு அண்ணன் வீடு. அண்ணி தட்டு நிறைய காத்தோ பதாத் (சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம்) வைத்தார். அண்ணன் மகன் தன் பெரிய கணினியில் லேடிபேர்ட் என்ற புது உலாவியைக் கட்டிவைத்திருந்தான். இன்னும் ஆல்பா நிலைக்கே வரவில்லை, அதை 2026இல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அதுவரை மூலநிரலை எடுத்து நாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். செரினிட்டி ஓஎஸ் என்ற திட்டத்தில் முளைத்து 2024இல் தனியாகப் பிரிந்தது. யாருடைய எஞ்சினையும் இரவல் வாங்காமல் எழுதுகிறார்கள்.

“அத்தை, உங்கள் பக்கத்தைக் கொடுங்கள்” என்றான். திறந்தான். மொரீசியஸ் ஒரு பிசகில்லாமல் வந்தது. உள்ளே ஹார்ஃப்பஸ் இருக்கிறது என்றான். புதிதாக ஒரு எஞ்சின் எழுதப்படும்போதே தமிழுக்கு அதில் இடம் இருப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

பயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவில் 2012இல் ரஸ்ட் நிரல்மொழியில் தொடங்கி, 2020இல் லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போன செர்வோ எஞ்சின் இந்த வாரம் 0.0.1 பதிப்பை வெளியிட்டிருக்கிறது. பொறுமையாக அப்புறம் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 25, சனி

முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகளின் கணினிகளில் நெட்சர்ஃப். பாடங்களைப் பக்கங்களாகச் சேமித்து உள்ளேயே வைத்துவிட்டேன், இணையம் போனாலும் வகுப்பு நிற்காது. என் மேசையில் பயர்பாக்ஸ்.

டில்லோவை விட மனமில்லை. அதைப் பராமரிப்பவர்களுக்கு என் சோதனைப் பக்கத்தையும், தப்பாக வந்ததன் படத்தையும், சரியாக வந்ததன் படத்தையும் அனுப்பினேன். தமிழே தெரியாதவர்கூட வேறுபாட்டைக் காணும்படி கொம்புகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டேன். எஃப்எல்டிகே 1.4இல் பாங்கோவோடு சேர்த்துக் கட்டும் வழி இருக்கிறது. அப்படிக் கட்டி டில்லோவை ஓட்டிப் பார்க்கும்படி அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருகிறான்.