கூரை ஓட்டில் எழுதிய வேண்டுதல்

என் மகன் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது, பிரசவத்துக்குத் துணையாகத் தென்கொரியாவில் நாங்கள் இருக்கும் சுவோனுக்கு வந்திருந்த அத்தை, ஊரிலுள்ள தெய்வங்களுக்கெல்லாம் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தது போதாதென்று, பக்கத்து வீட்டுக் கொரியப் பாட்டி சொன்ன சில்லுக்சா கோயிலுக்கும் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்து வீடு வந்து, இப்போது தவழவும் தொடங்கிவிட்டான். கடனை நிறுத்தி வைக்கக்கூடாது என்று அத்தை பிடிவாதமாக நின்றதால், அவர் ஊர் திரும்புவதற்கு முன் அந்தக் கோயில் இருக்கும் யொஜுவுக்குப் புறப்பட்டோம்.

கொரியாவின் பழைய கோயில்கள் பெரும்பாலும் மலைக்குள் ஒதுங்கியிருக்க, சில்லுக்சாவோ தெற்கு ஹான் ஆற்றை ஒட்டியே அமர்ந்திருக்கிறது. அன்று பக்கத்துத் திடலில் பீங்கான் விழாவும் சேர்ந்துகொண்டதால், ஒலிபெருக்கியின் பாட்டும் சாப்பிட வரச் சொல்லி வழிமறிக்கும் உணவகக்காரர்களும் சாமி பார்க்க வந்த மனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். ஆற்றைக் கண்டதும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் எந்தச் சத்தமும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பாறை மேல், கொரியாவை அன்று ஆண்ட கொர்யோ அரசு காலத்துச் செங்கல் கோபுரம் நிற்கிறது. அதற்குக் கீழே, 1972 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு 1974-இல் மீண்டும் எழுப்பப்பட்ட காங்வல்ஹன் மண்டபத்தில், படம் எடுப்பவர்கள் நகர்ந்தால்தானே ஆற்றைப் பார்க்க முடியும்! நாங்கள் காத்திராமல் அமிதாப புத்தரின் சன்னிதிக்குப் போய், பக்கவாட்டுக் கதவு வழியே நுழைந்து, மெத்தையில் விழுந்து வணங்கினோம். பிறகு ஓட்டுக் காணிக்கை. கோயில் கூரைக்குப் போகும் கருநிற ஓட்டில் வெள்ளை மையால் பெயரும் வேண்டுதலும் எழுத வேண்டும். எழுதிப் பழக்கம் விட்டுப்போன அத்தையின் கை, வளைந்த ஓட்டின் மேல் நடுங்கி, பேரனின் பெயரையும் ‘தீர்க்காயுசு’ என்பதையும் கோணலாக, ஆனால் பெரிதாக எழுதியது. கொரிய எழுத்துகளுக்கு நடுவே அந்த ஒரு வரித் தமிழைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதைவிடப் பெரியது குருமார்களின் சன்னிதியில் காத்திருந்தது. 1376-இல் இங்கே மறைந்த நாஓங் துறவியின் படத்தோடு, அவருடைய குரு ஜிகோங், சீடர் மூஹாக் ஆகியோரின் படங்களும் அங்கே உள்ளன. ஜிகோங் மகதத்தில் பிறந்து, நாளந்தாவில் பயின்று, இலங்கை சென்று ஞானம் பெற்று, 1326-இல் கொர்யோவுக்கு வந்தவர் என்பது வரலாறு. அவருடைய தாய் பிறந்ததாகச் சொல்லப்படும் தென்னாட்டைக் காஞ்சி என்றே கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இதைச் சொன்னதும், காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த அத்தை, பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி அந்தப் படத்துக்கு முன் தரையில் கிடத்தி, “நம்ம ஊர்ப் பிள்ளை வயித்துப் பிள்ளையா நீ? அதான் இவனைக் காப்பாத்திக் குடுத்தியா சாமி!” என்று வாய்விட்டு அழுதார். வரிசையில் நின்ற கொரியப் பெண்கள் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. ஒருவர் தன் மெத்தையை எடுத்துப் பிள்ளைக்கு அடியில் போட்டார்.

பின்னாலிருக்கும் குன்றில், தகனத்துக்குப் பின் எஞ்சிய நாஓங்கின் சரீர தாதுவை வைத்து 1379-இல் அமைத்த மணி வடிவக் கல் ஸ்தூபிக்கு, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் அத்தையே முன்னால் ஏறினார்.

கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னரின் கல்லறை 1469-இல் யொஜுவுக்கு மாற்றப்பட்ட பிறகு அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த கோயில் இது. அந்தக் கல்லறையையும் பார்த்துவிடலாம் என்றேன். “சாமியைப் பார்த்த கண்ணால சமாதியைப் பார்க்கணுமா?” என்று அத்தை மறுத்துவிட்டார். ரயிலில் திரும்பும் வழியெல்லாம், அடுத்த வைகாசியில் பிள்ளைக்கு எங்கே மொட்டை போடுவது என்ற கணக்குத்தான்.