ஆடுதியால?

ரெண்டு வருசமாச்சு, இன்னும் அந்த ஒரு நிமிசந்தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. பாளையங்கோட்டைல ஃபுட்பால் செமிஃபைனல். முந்தின நாள் மேட்ச்ல நம்ம ஸ்டாப்பருக்கு முட்டு பிசகிருச்சு, காலைல போயி பாக்கேன், முட்டுச் சிரட்டையே தெரியல, அப்படி வீங்கிக் கெடக்கு. "ஆடுதியால?"ன்னு கேட்டேன். கிரேப் பேண்டேஜ சுத்திக்கிட்டே "ஆடுதேன் சார்"ன்னான். தல நிமிரல.

கேட்டேன்லா? கட்டாயப்படுத்தலயே. ஆனா மத்த பயலுவ எல்லாம் பூட்ஸ மாட்டிக்கிட்டு சுத்தி நிக்கும்போது பி.டி. சார் கேட்டா எவன் "இல்ல சார்"ம்பான்? மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி இன்டர் காலேஜ்ல 4 மாவட்டத்து டீமும் வரும், எங்களுக்கு விழுந்தது கன்னியாகுமரி கடக்கரைப் பயலுவ, மணல்ல ஓடி ஓடி உரமேறுன காலு, அவனுவள மறிக்க இவன விட்டா ஆள் இல்ல. ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் பெஞ்சுல இருந்தான், நான் நம்பல. (அவன் இப்ப பிரமாதமா ஆடுதான், அது வேற கத.) இவன வெளிய எடுத்துட்டா திரும்ப இறக்க முடியாது, அதான் இன்னும் பத்து நிமிசம், இன்னும் பத்து நிமிசம்னு தள்ளிட்டே போனேன்.

செகண்ட் ஹாஃப்ல விழுந்தான். எவனும் தொடக்கூட இல்ல, சும்மா திரும்புனான், அவ்ளோதான். ஸ்கேன்ல ஏ.சி.எல்., அதான் முட்டுக்குள்ள இருக்க தசைநாரு, கிழிஞ்சிருந்துச்சு. முத நாளே கொஞ்சம் கிழிஞ்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு, அந்த 'லாம்'ஐ பிடிச்சுக்கிட்டு நான் பல நாள் தூங்கிருக்கேன். போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடியாயிட்டு இருந்த பய. 1500 மீட்டர 7 நிமிசத்துல ஓடணும், இவன் ஆறுக்குள்ள முடிச்சிருவான்.

மேட்ச் டைபிரேக்கர்ல ஜெயிச்சோம். ஃபைனல்ல வாங்கிக் கட்டுனத சொல்லல.

போன மாசம் வண்ணாரப்பேட்டைல டீ குடிக்கும்போது அவன பாத்தேன். "அன்னைக்கு நான் கேட்டேன்லால?"ன்னேன். "எங்க சார் கேட்டீய, லிஸ்ட்ல பேரு இருந்துச்சு, இறங்குனேன்"னு சிரிச்சான். கோவமா சொல்லிருந்தா கூட பரவால்ல.

வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்ப தோண்டுனேன். கேப்டனுக்கு லிஸ்ட் அனுப்புனது காலைல 6.40, அவன் பேரு நாலாவது. பயலுவள எழுப்புனதே 7 மணிக்கு.

ஆனா நான் கேட்டேன், அது சத்தியம். எனக்கு அவன் வாய் கூட கண்ணுக்குள்ள நிக்கி, பேண்டேஜ் கிளிப்ப பல்லுல கடிச்சிட்டுதான் பதில் சொன்னான். கிளிப்ப கடிச்சிட்டு இருந்தவன் "ஆடுதேன் சார்"னு எப்படி அவ்ளோ தெளிவா சொல்லிருப்பான்னு இப்பதான் யோசிக்கேன்.